அளப்பவர் யார்? வீடு சீரமைத்து விற்கும் கூட்டு வணிகமும் நம் வரலாறும்

தமிழில் ‘பங்காளி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் வழங்குகின்றன. பங்குக்கு உரியவர் என்பது ஒன்று. சச்சரவுக்கு உரியவர் என்பது மற்றொன்று. கூடித் தொழில் செய்தோரும் கூடிப் பிறந்தோரும் கணக்கில் முட்டிப் பிரிந்த அனுபவம் அச்சொல்லில் படிந்து கிடக்கிறது. நம் மார்க்க வழக்கிலோ கூட்டாளி என்பவர் அமானிதம் சுமப்பவர். கூட்டாளிகள் இருவரில் ஒருவர் மற்றவருக்குத் துரோகம் செய்யாதவரை அவர்களுக்கு நடுவே மூன்றாமவனாக இறைவன் இருக்கிறான் என்னும் கருத்தமைந்த ஹதீஸ் குத்ஸி அபூதாவூத் தொகுப்பில் பதிவாகியுள்ளது. நம்பிக்கையாகத் தொடங்கிய கூட்டு பங்காளிச் சண்டையாக முடியாதிருக்க நம் முன்னோர் என்னென்ன வரம்புகளை வகுத்தார்கள் என்பதை வரலாற்றின் வழியே பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சாந்தோம், மயிலாப்பூர், அடையாறு போன்ற பகுதிகளில் பழைய வீட்டையோ அடுக்ககக் குடியிருப்பையோ வாங்கி, சீரமைத்து, கூடுதல் விலைக்கு விற்கும் தொழிலில் நம் இளைஞர்களும் இறங்கி வருகின்றனர். பெரும்பாலும் இருவர் சேர்கின்றனர். ஒருவர் உள் அலங்காரமும் வரைபடமும் அறிந்த வடிவமைப்பாளர். மற்றவர் கொத்தனார், தச்சர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர் என ஆள்களைத் திரட்டி வேலை வாங்கும் ஒப்பந்ததாரர். இருவரும் ஆளுக்கொரு தொகை போடுகின்றனர். ‘லாபம் ஆளுக்குப் பாதி’ என்று வாய்மொழியாகப் பேசிக்கொண்டு வேலை தொடங்குகிறது.

வீடு விற்று முடியும்போதுதான் கேள்விகள் எழுகின்றன. ஐந்து மாதம் வெயிலில் நின்றவருக்கும் பத்து நாளில் வரைபடம் முடித்தவருக்கும் சமப் பங்கா? ஒருவர் 30 இலட்சம் போட்டு மற்றவர் 10 இலட்சம் போட்டிருந்தால்? சிமெண்டு மூட்டைக்கு ஒப்பந்ததாரர் எழுதிய விலை கடை விலையா, அவருடைய விலையா? டைல்ஸ் கடைக்காரர் வடிவமைப்பாளருக்குக் கொடுத்த கமிஷன் யாருடையது? வீடு நட்டத்தில் போனால் யார் எவ்வளவு ஏற்பது? ஆறு மாதமாகியும் விலை போகாவிட்டால் கூட்டை எப்படிக் கலைப்பது? இவற்றுள் எதுவும் புதிய கேள்வி இல்லை. ஏறத்தாழ இவை அனைத்துக்கும் நம் வரலாற்றில் விடை இருக்கிறது.

சாந்தோம் மண்ணுக்கு இந்தப் பேச்சு அந்நியமானதும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, புனித தோமாவின் அடக்கத்தலத்தை முஸ்லிம்களும் மதித்து வந்ததைக் குறிப்பிடுகிறார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய துவார்த்தே பர்போசா என்னும் போர்த்துகீசியர், சிதைந்து கிடந்த அத்தலத்தில் முஸ்லிம் ஒருவர் விளக்கேற்றிக் காத்துவந்தார் என்கிறார். மாற்றாரின் பொருளையும் அமானிதமாகக் காத்த ஒருவரின் நினைவு அந்த ஊருக்கு இருக்கிறது. இன்று அங்கே வடிவமைப்பாளர் ஒரு சமயத்தவராகவும் ஒப்பந்ததாரர் வேறு சமயத்தவராகவும் இருப்பது இயல்பு. அத்தகைய கூட்டுக்கும் நம் மார்க்கத்தில் முன்மாதிரி உண்டு. அங்கிருந்தே தொடங்குவோம்.

கைபரில் அளந்தவர்

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு (628) கைபர் வெற்றி கொள்ளப்பட்டபோது, அங்கிருந்த யூதர்களே பேரீச்சந் தோட்டங்களையும் நிலங்களையும் தொடர்ந்து பராமரிப்பது என்றும், விளைச்சலில் பாதியைத் தருவது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உடன்படிக்கை செய்தார்கள். நிலம் ஒரு தரப்பினுடையது; உழைப்பு மறுதரப்பினுடையது; விளைவு இருவருக்கும் பொது. தஞ்சைப் பக்கத்து உழவர்கள் இதனை ‘வாரம்’ என்பர். விளைந்தாலும் விளையாவிட்டாலும் குறித்த அளவு கொடுத்தே தீரவேண்டிய ‘குத்தகை’யிலிருந்து இது வேறுபட்டது. வாரத்தில் இருவரும் ஒரே மழையை எதிர்பார்த்து நிற்கின்றனர்.

விளைச்சலை மதிப்பிட அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அனுப்பப்பட்டார்கள். மதிப்பீட்டைக் குறைத்துக்கொள்ளுமாறு கைபர் மக்கள் நகைகளைக் காட்டினர். அவர்கள் அதனை இலஞ்சம் என்று மறுத்துவிட்டார்கள். பிறகு விளைச்சலை மதிப்பிட்டு, இந்த மதிப்பில் நீங்கள் எடுத்துக்கொள்ள விரும்பினால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் இதே மதிப்பில் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று தேர்வை எதிர்த்தரப்பின் கையில் கொடுத்தார்கள். இச்செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளது.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அளப்பவர் வேண்டுமென்றே கூட்டி மதிப்பிட்டால், அந்தக் கூடுதல் மதிப்பிலேயே அவர் வாங்கிக்கொள்ள நேரும். குறைத்து மதிப்பிட்டால், குறைந்த விலைக்கு மற்றவர் எடுத்துக்கொள்வார். ஆகவே நேர்மையாக அளப்பதே அவருக்கு நலம். விற்காமல் நிற்கும் வீட்டுக்கும் இதே வழி பொருந்தும். ஒரு கூட்டாளி வீட்டுக்கு விலை சொல்லட்டும்; அந்த விலையில் வாங்குவதா விற்பதா என்பதை மற்றவர் முடிவு செய்யட்டும். ஒருவர் கையில் பணம் இருந்து மற்றவர் கை வறண்டிருந்தால் இத்தேர்வு பெயரளவில் நின்றுவிடும். எனவே பணம் திரட்ட 60 நாள் அல்லது 90 நாள் அவகாசத்தையும் பத்திரத்தில் சேர்த்தே எழுத வேண்டும்.

உழைப்பும் முதலா?

கூட்டு வணிகத்தின் ஆழமான கேள்வி இது. பணம் போடாமல் கைத்திறனை மட்டும் கொண்டுவருபவர் கூட்டாளி ஆக முடியுமா?

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு (624) பத்ருப் போரின்போது அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத், அம்மார், ஸஅது (ரலி) ஆகிய மூவரும் தமக்குக் கிடைப்பதைப் பங்கிட்டுக்கொள்வது என்று உடன்பட்டனர். ஸஅது இரு கைதிகளுடன் வந்தார். மற்ற இருவரும் வெறுங்கையோடு வந்தனர். உழைப்பைப் பொதுவாக்கிய கூட்டுக்கு, அதாவது ‘ஷரிகத்துல் அப்தான்’ என்னும் வகைக்கு, இந்நிகழ்வைச் சட்ட அறிஞர்கள் சான்றாகக் காட்டுகின்றனர். இதன் அறிவிப்பாளர் தொடரில் இடைவெளி இருப்பதையும் ஹதீஸ் கலை வல்லுநர்கள் சுட்டியுள்ளனர்.

மத்ஹபுகள் இங்கே பிரிகின்றன. தையற்காரர் இருவர், அல்லது ஒரு தையற்காரரும் ஒரு சாயக்காரரும் சேர்ந்து வேலைகளை ஏற்று, வருமானத்தைப் பங்கிடுவதை ஹனஃபீ மத்ஹபு அனுமதிக்கிறது. வேலையை ஏற்றுக்கொள்ளும் பொறுப்பே இருவரையும் பிணைக்கிறது என்பது அவர்களின் வாதம். மாலிக்கீ மத்ஹபு தொழில் ஒன்றாக இருப்பதை வலியுறுத்துகிறது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ உழைப்புக் கூட்டையே ஏற்கவில்லை. ஒவ்வொருவருடைய உடலும் உழைப்பும் அவரவர்க்கே உரியவை. எவ்வளவு உழைப்பார் என்பதும் அளவிட முடியாதது. அளவிட முடியாததை எப்படிக் கலப்பது என்பது அவர்கள் தரப்பின் கேள்வி.

முதல் போட்டுச் சேரும் கூட்டிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் லாபம் முதலின் விகிதத்தையே பின்பற்ற வேண்டும். ஹனஃபீ மத்ஹபிலோ உழைக்கும் கூட்டாளிக்கு அவருடைய முதலின் விகிதத்தைவிடக் கூடுதல் லாபம் பேசிக்கொள்ளலாம். உழைக்காமல் முதல் மட்டும் போட்டவருக்கு அந்தச் சலுகை கிடையாது. தமிழகத்தில் கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ, இராவுத்தர்கள் ஹனஃபீ, சென்னையில் உருது பேசும் குடும்பங்களும் ஹனஃபீ. ஒரே பள்ளிவாசலில் தொழும் இருவர் கூட்டுச் சேரும்போது, ‘நியாயமான பங்கு’ என்பதற்கு இருவர் வீட்டிலும் இரு வேறு இலக்கணம் இருக்கக்கூடும். ஆகவே எந்த வழியில் செல்கிறோம் என்பதை முதல் நாளிலேயே பேசி முடிப்பது நலம்.

நட்டத்தில் மட்டும் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன. லாபம் பேசியபடி, நட்டம் முதலின்படி என்னும் விதி அலீ (ரலி) அவர்கள் பெயரால் அறியப்படுகிறது. லாபம் பேசியபடி என்னும் முற்பாதிக்கு ஷாஃபிஈ தரப்பு மேற்சொன்ன வரம்பை இடுகிறது. பிற்பாதியில் கருத்து வேறுபாடு இல்லை. பணம் போட்டவர் பணத்தை இழக்கிறார். உழைத்தவர் தம் உழைப்பை இழக்கிறார். உழைப்பை இழந்தவர் மீது பணச் சுமையையும் ஏற்றுவது இரட்டைத் தண்டனை என்று நம் அறிஞர்கள் கண்டார்கள்.

கலீஃபாவின் மக்களும் ஒரு கணக்கும்

முவத்தா பதிவு செய்யும் மற்றொரு வழக்கு இங்கே மிகப் பொருத்தமானது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் மக்களான அப்துல்லாஹ்வும் உபைதுல்லாஹ்வும் இராக்கிலிருந்து திரும்பும் வழியில் பஸராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைச் சந்தித்தனர். மதீனாவுக்கு அனுப்பவேண்டிய பொது நிதியை அவர் இருவரிடமும் கடனாகக் கொடுத்தார். அதைக் கொண்டு இராக்கியச் சரக்கு வாங்கி, மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் சேர்த்துவிட்டு, லாபத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

உமர் (ரலி) அவர்கள் கேட்ட முதல் கேள்வி, படையிலிருந்த அனைவருக்கும் இவ்வாறு கடன் கொடுத்தாரா என்பதே. இல்லை என்றதும், கலீஃபாவின் மக்கள் என்பதால் கிடைத்த சலுகை இது என்று கூறி, முதலையும் லாபத்தையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்துல்லாஹ் அமைதியாக இருந்தார். உபைதுல்லாஹ்வோ, பணம் குறைந்தோ அழிந்தோ போயிருந்தால் நாங்கள்தானே ஈடு செய்திருப்போம் என்று வாதிட்டார். அவையில் இருந்த ஒருவர், இதனை ‘கிராள்’ ஆக, அதாவது ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் இணையும் கூட்டாகக் கொள்ளலாமே என்றார். கலீஃபா ஏற்றார்கள். முதலும் பாதி லாபமும் பைத்துல்மாலுக்குச் சென்றன. மீதிப் பாதி மக்களுக்குக் கிடைத்தது.

இருவர் வாதத்திலும் நியாயம் இருந்தது. ஆபத்தை ஏற்றவருக்குப் பலனில் உரிமை உண்டு என்பது மகனின் வாதம். பதவியின் நிழலில் கிடைத்த வாய்ப்பு முழுவதும் தனி உடைமை ஆகாது என்பது தந்தையின் வாதம். இரண்டையும் ஒருங்கே மதித்தது அந்தத் தீர்ப்பு. கூட்டின் பெயரால் கடையில் கிடைக்கும் தள்ளுபடிக்கும் இதே அளவுகோல் பொருந்துகிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் ஸகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டினார். அவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நபியவர்கள் மிம்பரில் ஏறிக் கேட்டார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள நிகழ்ச்சி இது. டைல்ஸ் கடையும் பிளைவுட் கடையும் வடிவமைப்பாளருக்குத் தரும் கமிஷனை இக்கேள்வியின் முன் வைத்துப் பாருங்கள். கூட்டின் பணத்தில் சரக்கு வாங்காதிருந்தால் அந்தக் கமிஷன் வந்திராது. எனவே அது கூட்டின் கணக்கில் சேரவேண்டிய பணம். கம்பியும் சிமெண்டும் மொத்த விலைக்கு எடுத்துச் சில்லறை விலை எழுதும் ஒப்பந்ததாரருக்கும் தீர்ப்பு அதுவே.

சேப்பாக்கத்தின் பாடம்

இந்த வரம்புகள் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. சாந்தோமிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் சேப்பாக்கம் அரண்மனை வரும். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1768இல் கட்டுவித்த மாளிகை அது. அதைக் கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் 1764இல் சென்னைக்கு வந்த பென்ஃபீல்டு, பின்னர் ஒப்பந்ததாரராகிக் கோட்டை மதில் வேலைகளை எடுத்துச் செய்தார். கூடவே வட்டிக்குக் கடன் கொடுப்பவராகவும் வளர்ந்தார். நவாபுக்கும் கடன் கொடுத்தார்.

வரைபவரும் கட்டுபவரும் கடன் கொடுப்பவரும் ஒருவரே என்றால், அளப்பவர் யார்? கணக்கைக் கேட்பவர் யார்? நவாபின் கடன் ஒரு வீட்டுக் கணக்காக நிற்காமல் ஒரு நாட்டின் கணக்காக வளர்ந்தது. கடனுக்கு ஈடாக நிலவரி எழுதிக் கொடுக்கப்பட்டது. தஞ்சை வருவாய்மீது பென்ஃபீல்டு எழுப்பிய கோரிக்கையும் சேர்ந்து மூண்ட பூசலில், 1776இல் சென்னை ஆளுநர் பிகட் பிரபு தம் சொந்த ஆலோசனைக் குழுவினராலேயே சிறைவைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்தார். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க், நவாபின் கடன்கள் குறித்து இலண்டன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில் பென்ஃபீல்டைக் கடுமையாகச் சாடினார். 1805இல் அமைந்த ஆணையம் கடன் கோரிக்கைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, மிகச் சிறு பகுதியையே உண்மைக் கடன் என்று ஏற்றது.

பெரும் செல்வம் சேர்த்த பென்ஃபீல்டு 1810இல் பாரிஸில் வறுமையில் இறந்தார். நவாப் குடும்பமும் தப்பவில்லை. 1801இல் ஆட்சியுரிமை போயிற்று. 1855இல் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்தபின் நவாப் பட்டமும் போயிற்று. கடனைத் தீர்ப்பதற்காக அரண்மனை 1859இல் ஏலத்துக்கு வந்தது. அரசே அதை எடுத்துக்கொண்டது. பின்னர் இராபர்ட் சிசோம் என்னும் கட்டடக் கலைஞர் அதன் இரு பகுதிகளுக்கு நடுவே கோபுரம் எழுப்பி, அரசு அலுவலகமாக மாற்றியமைத்தார். திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலை 1795இல் எழுப்பிய அதே வாலாஜா குடும்பத்தின் மாளிகை, வட்டியாலும் பிரித்துப் பார்க்க இயலாத கணக்காலும் கைமாறிய வரலாறு இது.

அடுத்த நூற்றாண்டில் சென்னை வேறொரு முறையைக் கண்டது. விக்டோரியா பொதுமண்டபத்தை வடிவமைத்தவர் சிசோம்; கட்டியவர் ஒப்பந்ததாரர் தாட்டிகொண்டா நம்பெருமாள் செட்டி. 1892இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கட்டடத்தின் வரைபடத்தைத் தொடங்கியவர் பிராசிங்டன். முடித்தவர் ஹென்றி இர்வின். கட்டியவர் மீண்டும் நம்பெருமாள் செட்டி. வரைபவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர், முடிந்த வேலையை அளந்து பதிபவர் மூன்றாமவர் என்பது பொதுப்பணித் துறையின் நடைமுறை ஆயிற்று. அந்த அளவுப் புத்தகத்தை ‘எம் புக்’ என்று இன்றும் ஒப்பந்ததாரர்கள் சொல்கின்றனர். அதில் ஏறாத வேலைக்குப் பணம் இல்லை. இம்முறையிலும் செலவு கூடத்தான் செய்தது. உயர்நீதிமன்றத்துக்கு 9.45 இலட்சம் ரூபாய் அனுமதிக்கப்பட்டு, ஏறத்தாழ 13 இலட்சத்தில் வேலை முடிந்தது. ஆயினும் எங்கே, எதனால் கூடியது என்பதைக் கேட்கவும் சொல்லவும் ஏடு இருந்தது. பழைய வீட்டில் கை வைத்தவர்கள் அறிவார்கள்: சுவரை இடித்த பிறகே துருவேறிய கம்பி தெரியும். கடற்காற்று வீசும் சாந்தோமில் இது மேலும் உண்மை. செலவு கூடுவதை முற்றிலும் தடுக்க இயலாது. கூடிய செலவு ஐயமாக மாறாமல் தடுக்க இயலும்.

சட்டம் மௌனத்தை எப்படி நிரப்புகிறது?

நாம் பத்திரம் எழுதாமல் விட்டால் அந்த வெற்றிடத்தை 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் நிரப்பும். அதன் 13ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் லாபம் சமமாகப் பிரியும். நட்டத்தையும் சமமாக ஏற்க வேண்டும். தொழிலை நடத்தும் கூட்டாளிக்குத் தனி ஊதியம் கிடையாது. தம் முதலுக்கு மேல் பணம் தந்த கூட்டாளிக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி உண்டு. 30 இலட்சம் போட்டவரும் 10 இலட்சம் போட்டவரும் நட்டத்தில் சமம் என்பது நம் ஃபிக்ஹுக்கு முரண். வட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் இவை அனைத்தும் உடன்பாட்டால் மாற்றத்தக்கவை. அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் பணிக்கிறது. எழுதினால் ஷரீஅத்தின் விதியே சட்டத்தின் கண்ணிலும் நம் விதியாகிறது. எழுதாவிட்டால், நாம் அறியாமலே வட்டி விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் ஆகிறோம்.

அதே சட்டத்தின் 69ஆம் பிரிவு, பதிவு செய்யாத கூட்டில் ஒரு கூட்டாளி தம் ஒப்பந்த உரிமைக்காக மற்றவர் மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது. கூட்டைக் கலைக்கவும் கணக்குத் தீர்க்கவும் கோரும் வழக்குகளுக்கு விலக்கு உண்டு. எனவே பத்திரம் எழுதுவதோடு பதிவும் செய்ய வேண்டும். மேலும், நட்டத்தை நமக்குள் எப்படிப் பிரித்தாலும் வெளியாருக்குக் கூட்டாளிகள் ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பாளிகளே என்பதையும் மறக்கலாகாது.

இரண்டு வழிகள், ஒரு கணக்கு

வடிவமைப்பாளரும் ஒப்பந்ததாரரும் எடுக்கத்தக்க இரு வழிகளை எண்களில் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக: வீட்டின் விலை 150 இலட்சம், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் 9 விழுக்காடாக 13.5 இலட்சம், பொருளும் ஆள் கூலியும் 30 இலட்சம், எதிர்பாராச் செலவுக்கு 6.5 இலட்சம். மொத்த முதல் 200 இலட்சம். வடிவமைப்பாளர் 120, ஒப்பந்ததாரர் 80. அதாவது 60க்கு 40.

முதல் வழி ஹனஃபீ வழி. கூட்டுப் பொருளில் வேலை செய்யக் கூட்டாளியையே கூலிக்கு அமர்த்துவதை ஹனஃபீ நூல்கள் ஏற்பதில்லை. ஆகவே யாருக்கும் தனிக் கூலி இல்லை. பொருள் கடை விலைக்கு, ஆள் கூலி கொடுத்த தொகைக்கு. ஒப்பந்ததாரரின் கூடுதல் உழைப்புக்காக அவருக்கு லாபத்தில் 55 விழுக்காடு, வடிவமைப்பாளருக்கு 45 என்று பேசுகின்றனர். செலவு போக 226 இலட்சம் கைக்கு வந்தால் லாபம் 26. ஒப்பந்ததாரருக்கு 14.3, வடிவமைப்பாளருக்கு 11.7. 190 இலட்சமே வந்தால் நட்டம் 10. வடிவமைப்பாளர் 6, ஒப்பந்ததாரர் 4 ஏற்கின்றனர். இருவர் உழைப்பும் வீண்.

இரண்டாம் வழியில் லாபம் முதலின் விகிதத்திலேயே பிரியும். உழைப்புக்குத் தனி ஒப்பந்தத்தில் கூலி. பஹ்ரைனில் 1991இல் பதிவான, இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல், தணிக்கை அமைப்பின் நெறிமுறை, கூட்டு ஒப்பந்தத்துக்குள் ஊதியத்தை நுழைக்காமல் தனி ஒப்பந்தமாக எழுதினால் இதனை ஏற்கிறது. ஒப்பந்ததாரருக்கு 6 இலட்சம், வடிவமைப்பாளருக்கு 3 இலட்சம் என வைப்போம். அதே 226இல் கூலி போக லாபம் 17. வடிவமைப்பாளருக்கு 10.2உம் கூலி 3உம் சேர்ந்து 13.2, ஒப்பந்ததாரருக்கு 6.8உம் கூலி 6உம் சேர்ந்து 12.8. நட்டக் காலத்திலோ கூலியும் சேர்ந்து நட்டம் 19 ஆகிறது. வடிவமைப்பாளர் 11.4 ஏற்று 3 பெறுவதால் நிகரமாக 8.4 இழக்கிறார். ஒப்பந்ததாரர் 7.6 ஏற்று 6 பெறுவதால் 1.6 மட்டுமே இழக்கிறார்.

முதல் வழியில் ஒப்பந்ததாரர் லாபத்தில் கூடுதலாகப் பெற்று, நட்டத்திலும் கூடுதலாகத் தாங்குகிறார். இரண்டாம் வழியில் அவருக்குப் பாதுகாப்பு மிகுதி, லாபம் குறைவு. இரண்டுமே நியாயமானவை. ஒரு வழியின் லாபத்தையும் மற்ற வழியின் பாதுகாப்பையும் ஒருவரே கேட்பதுதான் அநீதி. பொருள் விலைக்குள் மறைத்து வைக்கும் இலாபம் அத்தகையது: அது வீடு விற்கும் முன்பே, நட்டம் வந்தாலும் வராவிட்டாலும், ஒருவர் பையில் சேர்ந்துவிடுகிறது. ஒரு கூட்டாளிக்கு மட்டும் ‘மாதம் இவ்வளவு கட்டாயம்’ என்று லாபத்தில் உறுதித் தொகை பேசுவதை எல்லா மத்ஹபுகளும் ஒருமித்துத் தடுத்ததன் காரணமும் இதுவே.

பத்திரத்தில் இடம்பெற வேண்டியவை இப்போது தெளிவாகின்றன. முதல் யார் எவ்வளவு, லாபம் எந்த விகிதம், நட்டம் முதலின்படி, கூலி உண்டா, இல்லையா. கடைக் கமிஷனும் தள்ளுபடியும் கூட்டின் கணக்குக்கு. ரசீது இல்லாத செலவு செலவாகாது. குறித்த தொகைக்கு மேல் செலவானால் இருவர் கையொப்பம் வேண்டும். கூடுதல் பணம் தேவைப்பட்டால் வட்டிக் கடனாக இல்லாமல் கூடுதல் முதலாகவோ வட்டியில்லாக் கடனாகவோ வரவேண்டும். கிரயப் பத்திரம் இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் ஆகியவற்றைப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதும் எழுதப்பட வேண்டும். முடிந்த வேலையை மாதம் இருமுறை அளந்து பதிய, இருவரும் நம்பும் மூன்றாமவர் ஒருவர் வேண்டும். ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் போதும். விற்காவிட்டால் இப்னு ரவாஹா (ரலி) அவர்களின் வழியில் ஒருவர் விலை சொல்ல, மற்றவர் தேர்வு செய்யட்டும். விற்பனைக்கென்று வாங்கிய வீடு வணிகச் சரக்கு என்பதால், அதன் ஸகாத்தை யார் எப்படிக் கணக்கிடுவது என்பதையும் ஆலிம் ஒருவரிடம் முன்னரே கேட்டுக்கொள்வது நன்று.

நபித்துவத்துக்கு முன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு வணிகத்தில் கூட்டாக இருந்தவர் ஸாயிப் (ரலி). பிற்காலத்தில் அவர்கள் சந்தித்தபோது நினைவுகூரப்பட்டது லாபக் கணக்கு இல்லை. தர்க்கமும் பிணக்கும் இல்லாத நல்ல கூட்டாளி என்னும் பெயரே நினைவுகூரப்பட்டது. விற்ற வீட்டில் வேறொருவர் குடியேறுவார். நாம் கூட்டாளியோடு அதே தெருவில் மீண்டும் எதிர்ப்படுவோம், அதே ஸஃபில் தோளோடு தோள் நிற்போம். அப்போது முகம் பார்த்து ஸலாம் சொல்லும்படியான கணக்கை எழுத வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!